ப்ளான் பி எங்கேப்பா?

லீட்ஸ்னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? ஹெடிங்லி கிரவுண்டு! 2019 ஆகஸ்டில் பென் ஸ்டோக்ஸ் தனி ஆளா நின்னு ஆஸ்திரேலியாவைக் கதறவிட்ட இடம். எனக்கும் அவ்வளவுதான் தெரியும். அடுத்த மாசமே ஸ்டாட்டிஸ்டிக்ஸில் மாஸ்டர்ஸ் படிக்க அந்த ஊரில் போய் இறங்கினப்போ, 'கிரிக்கெட் பேசியே பொழைச்சுக்கலாம்'னு செம தெம்பா இருந்தேன். வீட்டு ஓனர் முதல் பாலிலேயே என் மிடில் ஸ்டம்ப்பைப் பிடுங்கிட்டார்.

"பியெல்ஸாவைப் பத்தி நீ என்ன நினைக்கிறே தம்பி?"

ஏதோ புது மொபைல் மாடல் போலன்னு நினைச்சு, "நல்லா இருக்குன்னு சொல்றாங்க" என்றேன். மனுஷன் குளிர்ந்துபோயிட்டார். அந்த மாச வாடகை அட்வான்ஸைக்கூடக் கேட்கலை!

ஸ்டூடன்ட்ஸ் எல்லாம் ஹைட் பார்க், ஹெடிங்லி பக்கம் ரூம் எடுப்பாங்க. எனக்குக் கட்டுப்படியாகாம, ஊருக்குத் தெற்கே பீஸ்டன்ல ஒரு வீட்டோட மாடி அறைக்குப் போனேன். செங்கல் வீடுங்க ஒண்ணை ஒண்ணு ஒட்டிக்கிட்டு நிக்கிற மேட்டுத் தெரு. சரிவில் இறங்கினா எலண்ட் ரோடு ஸ்டேடியம். சனிக்கிழமை மத்தியானம் ஜன்னலைத் திறந்து வெச்சா, ரேடியோவில் கமென்டேட்டர் 'கோல்'னு சொல்றதுக்கு முன்னாடியே சத்தம் மேலே ஏறி வந்துடும்.

ஓனருக்கு எழுபது தாண்டிடுச்சு. ஃபேக்டரி வேலையில் இருந்து ரிட்டயர் ஆனவர். மனைவி காலமாகி சில வருஷம். அங்கே எல்லாரையும் பேர் சொல்லித்தான் கூப்பிடணும். எனக்கு வாய் வரலை. "அங்கிள்" என்றேன். முதல்ல சிரிச்சார், அப்புறம் பழகிட்டார். அவர் மகன் சிட்டி பஸ் டிரைவர், நாப்பது ப்ளஸ். மனசுக்குள்ளே அவர் எனக்கு 'டிரைவர் அண்ணன்'. (யார்க்‌ஷையரில் பஸ் டிரைவர்ங்க ஆம்பளைப் பசங்களைக்கூட 'லவ்'னு கூப்பிடுவாங்க. முதல் நாள் அரண்டே போயிட்டேன்!)

ஞாயித்துக்கிழமை ஆனா அண்ணன் சாப்பிட வருவார். சாப்பாடு சும்மா பேருக்கு. சண்டைதான் மெயின் டிஷ். மேட்டர் ஒண்ணே ஒண்ணு... பியெல்ஸாவால நமக்கு ப்ரொமோஷன் கிடைக்குமா, கிடைக்காதா?

ஃபுட்பால் தெரியாத மக்களுக்கு ஒரு சின்ன ட்யூஷன். அங்கே கோச்சை 'மேனேஜர்'னு சொல்வாங்க. லீக்கில் மாடி மாதிரி அடுக்குகள். மேல் மாடி பிரீமியர் லீக். அதுக்குக் கீழே சாம்பியன்ஷிப். இந்தக் கீழ் மாடியில் 24 டீம், ஆளுக்கு 46 மேட்ச். முதல் ரெண்டு இடம் வந்தா நேரா மேலே போயிடலாம். நான் பார்த்த காலத்தில், மூணுல இருந்து ஆறு வரைக்கும் வந்தவங்க ப்ளே-ஆஃப்ல அடிச்சுக்கிட்டு ஒருத்தர் மட்டும் மேலே போகணும்.

லீட்ஸ் சாதாரண டீம் இல்லை. 1969, 1974, 1992-னு மூணு தடவை இங்கிலாந்து சாம்பியன். 2001-ல ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் செமி ஃபைனல். கடனை வாங்கி ஸ்டார்களைக் குவிச்சாங்க, அப்புறம் கடனைக் கட்ட அதே ஸ்டார்களை வித்தாங்க. 2004-ல கீழே இறங்கினாங்க. 2007-ல அதுக்கும் கீழே, மூணாவது மாடி! 2010-ல ரெண்டாவது மாடிக்கு வந்தவங்க அங்கேயே நின்னுட்டாங்க. மேனேஜர்கள் வந்தாங்க, போனாங்க. 2018-ல வந்தவர்தான் மார்செலோ பியெல்ஸா.

அர்ஜென்டினாவின் ரொசாரியோ ஊர்க்காரர். அந்த ஊரில் ஒரு ஸ்டேடியத்துக்கே அவர் பேர்தான். அர்ஜென்டினா, சிலி தேசிய டீம்களுக்குக் கோச்சா இருந்தவர். அப்பேர்ப்பட்டவர் லீட்ஸுக்குப் பக்கத்தில் வெதர்பியில் ஒரு சின்ன ஃப்ளாட்டில் தங்கி, முதுகில் பையை மாட்டிக்கிட்டு ப்ராக்டீஸுக்கு நடந்தே போவார். மேட்ச் அன்னைக்குக் கோட்டுக்கு வெளியே ஒரு பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துடுவார். அந்த மாதிரி பக்கெட்டை க்ளப்பே கடையில் வெச்சு வித்தது. எங்க வீட்டு பாத்ரூமிலும் ஒண்ணு இருந்துச்சு, ஆனா அதில் துணி ஊறவைக்க எனக்கு பர்மிஷன் கிடையாது.

2019 ஜனவரியில் டெர்பி டீமோட ப்ராக்டீஸை வேவு பார்க்க ஆள் அனுப்பி மாட்டினார். வேற ஆளா இருந்தா 'எனக்குத் தெரியாது'ன்னு மழுப்பியிருப்பார். இவர் ப்ரெஸ்ஸைக் கூப்பிட்டு, 'ஆமா, எல்லா டீமையும்தான் பார்த்தேன்'னு ஒரு மணி நேரத்துக்கும் மேல பவர்பாயின்ட் போட்டுக் காட்டினார். ரெண்டு லட்சம் பவுண்டு அபராதத்தைச் சொந்தக் காசில் கட்டினார்.

அங்கிளுக்கு அவர் தெய்வம். அண்ணனுக்கு அவர் ஒரு பிடிவாதக்கார வாத்தியார்.

"2017-18-ல நாம பதிமூணாவது இடம். கூப்பர், ஐலிங், டல்லாஸ், ஃபிலிப்ஸ்... முக்காவாசி அதே பசங்கதான். ஆளை மாத்தலைடா, ஆட்டத்தை மாத்தினார்!" - இது அங்கிள்.

"ஒத்துக்கறேன்ப்பா. ஏப்ரல்ல என்ன ஆச்சு?"

ஏப்ரல்னு சொன்னா அங்கிள் கப்பென்று அடங்கிடுவார். 2019 ஏப்ரல், குட் ஃப்ரைடே. சொந்த மண்ணில் விகனோடு மேட்ச். பதினஞ்சு நிமிஷத்துக்குள்ளே விகனுக்கு ரெட் கார்டு, பத்து பேர்தான் ஆடறாங்க. லீட்ஸுக்கு ஒரு பெனால்டி, போஸ்ட்டில் பட்டுத் திரும்புது. அப்புறம் ஒரு கோல் போட்டும் 1-2 தோல்வி. மூணு நாள் கழிச்சு பிரென்ட்ஃபோர்டிடம் 0-2. ரெண்டாவது இடம் கைவிட்டுப் போச்சு. ப்ளே-ஆஃப்ல டெர்பியை அவங்க ஊரில் 1-0-ன்னு ஜெயிச்சு, இங்கே முதல் கோலும் போட்டு, கடைசியில் 2-4 தோல்வி. அன்னைக்கு அண்ணன் ஸ்டேடியத்தில் உட்கார்ந்து அழுதாராம். சொன்னது அங்கிள்தான். அண்ணன் ஒப்புக்கவே மாட்டார்.

அண்ணனோட கட்சி இதுதான்: பியெல்ஸாவோட ஆட்டம் ஆளுக்கு ஆள் மார்க்கிங். உனக்குன்னு ஒதுக்கின எதிரி எங்கே ஓடினாலும் நீயும் கூடவே ஓடணும். ப்ராக்டீஸிலும் நிக்காம ஓட்டம், அதுக்கு 'மர்டர்பால்'னே பேர். டிசம்பர் வரைக்கும் எதிரிங்க திணறுவாங்க. ஏப்ரல்ல நம்ம ஆட்களுக்கே காலில் தெம்பு இருக்காது. எதிர் டீம் மொத்தமா பின்னாடி போய் சுவர் கட்டி நின்னா, அப்பவும் அதே ஆட்டம், அதே ஆளுங்க.

"ப்ளான் பி எங்கேப்பா?"

"ப்ளான் ஏ-வை இன்னும் நல்லா பண்றதுதான்டா ப்ளான் பி."

"அதே ஏப்ரல்ல வில்லா மேட்ச்ல எதிரிக்குச் சும்மா ஒரு கோல் விட்டுக் குடுத்தாரே..."

வில்லா வீரர் ஒருத்தர் அடிபட்டுக் கிடக்கும்போது நம்ம பசங்க கோல் போட்டுட்டாங்க. 'இது நியாயம் இல்லை, அவங்களை ஒண்ணு போட விடுங்க'ன்னு பியெல்ஸா கத்தினார். விட்டாங்க. 1-1.

"அதுக்கு ஃபிஃபாவே ஃபேர் ப்ளே அவார்டு குடுத்துச்சு!"

"பாயின்ட்ஸ் டேபிள்ல நேர்மைக்கு எத்தனை பாயின்ட்ப்பா?"

இந்த ரேஞ்சில் போகும். டேபிள் மேலே உப்பு டப்பா, சாஸ் பாட்டில், டீ கப் எல்லாம் ப்ளேயர்ஸா நிக்கும். அம்மா கட்டிக் குடுத்த மாவடு பாட்டில்தான் சென்டர் ஃபார்வர்டு பாம்ஃபோர்ட். "ஒரே இடத்தில் நிக்குது, சரியாத்தான் இருக்கு" என்பார் அண்ணன். பாவம் பாம்ஃபோர்ட், வாய்ப்பு வாய்ப்பா வேஸ்ட் பண்ணுவார். ஆர்சனல்ல இருந்து லோனில் வந்த என்கெட்டியா பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். 'அவனை இறக்கேன்'னு ஊரே கத்தும். பியெல்ஸா இறக்கமாட்டார்.

ஒரு நாள் ரெண்டு பேரும் என் பக்கம் திரும்பினாங்க. "நீ ஸ்டாட்ஸ் படிக்கிறவனாச்சே, தீர்ப்பு சொல்லு."

எனக்கு ஒரே பெருமை. லேப்டாப்பைத் திறந்து க்ளாஸ் எடுத்தேன். 'எக்ஸ்பெக்டட் கோல்'னு ஒரு கணக்கு இருக்கு. எந்த இடத்திலிருந்து, எந்த மாதிரி அடிச்சா கோல் விழ எவ்வளவு சான்ஸ்னு பழைய ஷாட்களை வெச்சுப் போடறது. அதுபடி பார்த்தா லீட்ஸ் உருவாக்கற வாய்ப்பு ஜாஸ்தி, எதிரிக்குக் குடுக்கறது கம்மி. அப்போ பியெல்ஸா பாஸ். ஆனா ஒரு சீசனுக்கு 46 மேட்ச்தான். அதை வெச்சு ஒரு ஆளோட திறமையை முழுசா எடைபோட முடியாது, கொஞ்சம் லக்கும் சேர்ந்துக்கும்...

'லக்'னு சொன்னதுதான் தாமதம். அப்பாவும் மகனும் முதல் தடவையா ஒரே அணியில் சேர்ந்து என்னைக் காய்ச்சி எடுத்தாங்க. அன்னைக்கு எனக்கு புட்டிங் கிடையாது.

எனக்கு அதிசயமா இருந்தது ஃபுட்பால் இல்லை. மகன் அப்பாவை நேருக்கு நேரா 'நீ சொல்றது தப்பு'ன்னு சொல்றார். அப்பா கத்தறார். பத்து நிமிஷத்தில் மகன் எழுந்து பாத்திரம் கழுவறார், அப்பா துடைக்கறார். திருச்சியில் எங்க வீட்டில் அப்பா பேசுவார், நாங்க 'ம்' கொட்டுவோம். 'தப்பு'ங்கிற வார்த்தை ஒன்வே ட்ராஃபிக்.

2020 ஜனவரி. மறுபடியும் ஏப்ரல் சீக்கிரமே வந்துடுச்சு! டிசம்பர்ல மூணாவது இடத்துக்கும் நமக்கும் இருந்த பெரிய இடைவெளி கரைய ஆரம்பிச்சது. ஷெஃபீல்ட் வெட்னஸ்டே 0-2, க்யூ.பி.ஆர் 0-1. நடுவில் மில்வாலை 0-2-ல இருந்து 3-2-ன்னு திருப்பி அடிச்சாங்க. அடுத்ததா மறுபடியும் அதே விகன், 0-1. பிப்ரவரி 8, நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் 0-2. என்கெட்டியாவும் அதுக்குள்ளே ஆர்சனலுக்குத் திரும்பிப் போயிருந்தார். அண்ணன் அந்த ஞாயிறு சாப்பிடவே இல்லை. "முடிஞ்சுதுப்பா, அந்த ஆளை அனுப்பிடணும்" என்றார். அங்கிள் பதிலே பேசலை.

அதே வாரம் என் ரிசல்ட்டும் வந்தது. ஒரு பேப்பர் அவுட். வீட்டுக்குச் சொல்லலை. அங்கிளுக்கு மட்டும் தெரியும், முகத்தைப் பார்த்தே கண்டுபிடிச்சிட்டார். "எப்படிப் படிச்சே?" என்றார். "நல்லாத்தான் படிச்சேன்." "அப்போ மறுபடியும் அப்படியே படி." எனக்கு எரிச்சலா வந்துச்சு. இதைத்தானே பியெல்ஸாவுக்கும் சொல்றார்! அன்னைக்கு நான் மனசுக்குள்ளே அண்ணன் கட்சி.

அப்புறம்தான் மேஜிக். பிரிஸ்டல் சிட்டி 1-0, ரெடிங் 1-0, மிடில்ஸ்பரோ 1-0, ஹல் 4-0. ஆட்டம் அதேதான், ஒண்ணையும் மாத்தலை. மார்ச் 7, ஹட்டர்ஸ்ஃபீல்ட் மேட்ச். அங்கிளுக்கு லேசா ஜலதோஷம். "என் சீட்டுல நீ போய் உட்காரு"ன்னு சீசன் டிக்கெட்டைக் கையில் வெச்சார். அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தேன். மூணாவது நிமிஷத்தில் காத்துல வந்த பந்தை ஐலிங் அப்படியே உதைச்சார் பாருங்க... பந்து பாருக்குக் கீழே மோதி உள்ளே விழுந்துச்சு. முப்பத்தஞ்சாயிரம் பேருக்கு மேல ஒரே நேரத்தில் எழுந்தா எப்படி இருக்கும்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சது. யாரோ ஒருத்தர் என்னைக் கட்டிப்பிடிச்சார். பார்த்தா அண்ணன். 2-0. தொடர்ந்து அஞ்சு வெற்றி, ஒரு கோல்கூட வாங்கலை.

ஆறு நாளில் லீக் நின்னுபோச்சு. கொரோனா. லீட்ஸ் 71 பாயின்ட்டோட முதலிடம், ஒன்பது மேட்ச் பாக்கி. 'சீசனையே கேன்சல் பண்ணிடுவாங்களாம்'னு பேச்சு. பதினாறு வருஷம் காத்திருந்தவங்களுக்கு எப்படி இருக்கும்? அங்கிள் விட்டுக் கொடுத்த அந்த சீட்... அதைப் பத்தி அவர் ஒரு வார்த்தை பேசலை. எனக்குத்தான் குற்ற உணர்ச்சி. நான் பார்ட்-டைம் வேலை பார்த்த ரெஸ்டாரன்ட்டும் மூடிட்டாங்க. வாடகை? "லீக் ஆரம்பிச்சதும் பேசிக்கலாம்" என்றார் அங்கிள்.

மகன் வீட்டுக்குள்ளே வரக்கூடாது. ஆனா பஸ் ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு. ஆஸ்பத்திரி, கடைகளில் வேலை பார்க்கறவங்க போகணுமே. ஊரெல்லாம் வீட்டுக்குள்ளே இருக்க, அண்ணன் தினமும் ஸ்டியரிங் பிடிச்சார். ஞாயித்துக்கிழமை வாசலுக்கு வெளியே பிளாட்ஃபாரத்தில் வந்து நிப்பார். அங்கிள் ஜன்னலைத் திறந்துக்கிட்டு உட்காருவார். நடுவில் ரோஜாச் செடி.

"பஸ்ஸில் கூட்டமா?"

"கொஞ்சம்தான்ப்பா."

அவ்வளவுதான். அடுத்த நிமிஷம் பாம்ஃபோர்ட், ப்ளான் பி! தெருவுக்கே கேட்கும் சண்டை. எதிர்வீட்டுப் பாட்டி கதவைத் திறந்து வெச்சுக்கிட்டுக் கேட்பாங்க. அண்ணன் கிளம்பிப் போனதும் ஜன்னலை மூடாம அங்கிள் ரொம்ப நேரம் தெருவையே பார்த்துட்டு இருப்பார். ஏப்ரல் 17, நார்மன் ஹன்டர் கொரோனாவில் இறந்துபோனார். அங்கிள் சின்ன வயசில் பார்த்த டான் ரெவி டீமோட முரட்டு டிஃபெண்டர். அந்த ஞாயிறு அண்ணன் வந்து, "ஹன்டர் இருந்தா பியெல்ஸா டீமில் எடுத்திருப்பாரா?"ன்னு ஆரம்பிச்சார். அங்கிள் முதல் தடவையா, "இன்னைக்கு வேண்டாம்டா" என்றார்.

அன்னைக்கு ராத்திரி நான் திருச்சிக்குப் போன் போட்டேன். "அப்பா, ஒரு பேப்பர் போயிடுச்சு. வேலையும் போயிடுச்சு."

ரொம்ப நேரம் சத்தமே இல்லை. "எப்போ?"

"பேப்பர் பிப்ரவரி. வேலை மார்ச்."

அவர் வெச்சுட்டார். மே மாசம் வந்தே பாரத் விமானம் விட ஆரம்பிச்சதும் அவரே கூப்பிட்டார். "பேரைக் குடுத்துட்டுக் கிளம்பி வா."

"வரலைப்பா. ஆகஸ்டில் ரீ-எக்ஸாம் இருக்கு. ப்ராஜெக்ட் இருக்கு."

"நான் சொல்றதைக் கேளு."

"நீங்க சொல்றது தப்புப்பா."

சொல்லிட்டேன். கை நடுங்குது. மறுபடியும் கட். அடுத்த நாள் காலையில் அவர்கிட்ட இருந்தே கால். "சரி... உன் ப்ளான் என்னன்னு சொல்லு. சாப்பாட்டுக்கு என்ன பண்ணுவே? வாடகை? மறுபடியும் பேப்பர் போனா?" கேள்வி மேல கேள்வி. பாதிக்கு என்கிட்ட பதில் இல்லை. கத்தினார், நானும் கத்தினேன். நாப்பது நிமிஷம்! அதுக்கு முன்னாடி எங்க அப்பாகிட்ட நான் அவ்வளவு நேரம் பேசினதே இல்லை. அம்மா நடுவில் போனை வாங்கி, "என்னடா ஆச்சு ரெண்டு பேருக்கும்?"னு பயந்துட்டாங்க.

ஜூன் 21, ஆளில்லாத ஸ்டேடியத்தில் லீட்ஸ் திரும்ப ஆட ஆரம்பிச்சது. முதல் மேட்சே கார்டிஃபிடம் 0-2. அண்ணன் அனுப்பின மெசேஜில் எழுத்தே இல்லை, ஒரு பக்கெட் படம் மட்டும். ஆனா அப்புறம் தோல்வியே இல்லை. ஃபுல்ஹாம் 3-0, ஸ்டோக் 5-0. ஜூலை 12, ஸ்வான்ஸீ. அதுக்கு முந்தின நாள்தான் ஜாக் சார்ல்டன் காலமான செய்தி வந்திருந்தது. 89-வது நிமிஷம் பாப்லோ ஹெர்னாண்டஸ் கோல். அங்கிள் சோஃபாவில் இருந்து எழுந்திருக்கவே இல்லை, கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கிட்டே இருந்தார்.

ஜூலை 17, வெள்ளிக்கிழமை. அன்னைக்கு லீட்ஸுக்கு மேட்ச்கூட இல்லை. ஹட்டர்ஸ்ஃபீல்ட் 2-1-ன்னு வெஸ்ட் ப்ரோமை ஜெயிச்சதில் லீட்ஸ் மேலே போயிடுச்சு. (அந்த ஹட்டர்ஸ்ஃபீல்ட் மேனேஜரை ரெண்டே நாளில் வேலையை விட்டுத் தூக்கிட்டாங்க. மேனேஜர் பொழப்பு அப்படி!) பீஸ்டன் மேட்டிலிருந்து சனம் எலண்ட் ரோடை நோக்கி இறங்குது. 'கூட்டம் கூடாதீங்க'ன்னு சொல்லியும் யார் கேட்டா? அங்கிள் ஜன்னலில். அண்ணன் வாசலில் யூனிஃபார்மோட நிக்கிறார்.

"சொல்லு" என்றார் அங்கிள்.

"என்ன சொல்லணும்?"

"நீ தப்புன்னு சொல்லு."

"93 பாயின்ட்டுக்குப் போனா சொல்றேன்." அப்போ 87-ல இருந்தாங்க, பாக்கி ரெண்டே மேட்ச். ரெண்டையும் ஜெயிச்சு சரியா 93-ல முடிச்சாங்க. சொன்னாரான்னு எனக்குத் தெரியாது.

நான் சந்தோஷத்தில் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் 'ப்ரொமோஷன்!!!'னு போட்டுட்டேன். நம்ம ஊரில் நடுராத்திரி. அம்மா அலறி அடிச்சுக்கிட்டுக் கூப்பிட்டாங்க. "வேலையே இல்லைன்னியேடா... அதுக்குள்ளே ப்ரொமோஷனா?" பின்னாடி அப்பா குரல், "ஃபுட்பாலா இருக்கும். பக்கெட் மேல உட்கார்ற ஆளு."

பேப்பர் பாஸ். டிகிரி வாங்கி ஊர் திரும்பிட்டேன். பியெல்ஸா முதல் சீசனில் லீட்ஸை பிரீமியர் லீக்கில் ஒன்பதாவது இடத்துக்குக் கொண்டுபோனார். 2021 ஆகஸ்டில் ஸ்டேடியம் முழுசா திறந்தப்போ எவர்ட்டன் மேட்சுக்கு அங்கிள் தன் சீட்டில் போய் உட்கார்ந்தார். 2-2. அண்ணன் போட்டோ அனுப்பினார். நவம்பரில் அங்கிள் தூக்கத்திலேயே போயிட்டார்.

2022 பிப்ரவரியில் அஞ்சு மேட்ச், இருபது கோல் வாங்கினாங்க. ஆளுக்கு ஆள் மார்க்கிங்கைக் கடைசி வரைக்கும் மாத்தவே இல்லை. 27-ம் தேதி பியெல்ஸாவை அனுப்பிட்டாங்க. அன்னைக்கு அண்ணன்கிட்ட இருந்து ஒரு மெசேஜ்: "நான் சொன்னதுதான் நடந்துச்சு. சொல்லிக் காட்டத்தான் ஆள் இல்லை."

2023-ல லீட்ஸ் மறுபடியும் கீழே. டேனியல் ஃபார்க்கேன்னு ஜெர்மன் மேனேஜர் வந்தார். முதல் வருஷம் 90 பாயின்ட் எடுத்தும் மூணாவது இடம், வெம்ப்ளி ஃபைனலில் சவுத்தாம்ப்டனிடம் 0-1 தோல்வி. 'ஆட்களை மாத்த லேட் பண்றார், ப்ளான் பி இல்லை'ன்னு ஊரே திட்டுச்சு. அடுத்த வருஷம், 2025 மே-யில், 100 பாயின்ட்டோட சாம்பியன். வாழ்த்து அனுப்பினேன். பதிலுக்கு மூணு நிமிஷ வாய்ஸ் நோட் வந்தது. பாதிக்கு மேல ரெண்டு பேர் கத்தற சத்தம்தான். ஒண்ணு அண்ணன். இன்னொண்ணு அவர் மகள், ப்ளஸ் டூ வயசு.

"நார்விச்சை ரெண்டு தடவை மேலே கொண்டுபோனார், மேலே போய் என்ன ஆச்சு டாட்? பிரீமியர் லீகுக்கு இவர் தேற மாட்டார்!"

"நூறு பாயின்ட்டும்மா! நூறு! இன்னும் என்ன வேணும் உனக்கு?"

பின்னாடி ஏதோ டேபிள்ல 'டங்'குன்னு வைக்கிற சத்தம். உப்பு டப்பாவா இருக்கணும். கடைசியில் அண்ணன் மூச்சு வாங்கிக்கிட்டே என்கிட்ட கேட்கறார்: "நீ ஸ்டாட்ஸ் ஆளாச்சே, தீர்ப்பு சொல்லு."

நான் பதில் அனுப்பலை. ஏற்கெனவே ஒரு தடவை புட்டிங்கை இழந்தவன்!